ஆரஞ்சு வயர்

சோஹாரில் ஜூலை.
பன்னிரண்டரைக்கு ஓய்வு விசில்.
கூடாரம் கேட்டுக்குப் பக்கத்தில்,
போய்ச் சேர்வதற்குள் பாதி ஓய்வு போய்விடும்.
அதனால் லோடர் எங்கே நிற்கிறதோ
அங்கேதான் எங்கள் மத்தியானம்.
முதலில் ஒரு பாய் அகலம்தான் விழும் நிழல்.
அதில் ஆறு பேர்,
முழங்காலை மடக்கினால் ஏழு.
வேதமுத்து கால் நீட்டித் தூங்குகிறவன்.
திட்டிக்கொண்டே நகர்ந்து கொடுப்போம்.

அந்த லோடரைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும்,
இன்ஸ்பெக்டரிடம் சொல்லாதது.

ரிவர்ஸ் எடுத்தால் அது கத்தும்.
பீப் பீப் பீப் என்று,
நைட் ஷிப்ட் முடித்துப் படுத்தவன் மண்டைக்குள்
ஆணி இறக்குகிற மாதிரி.
யார்டுக்கும் எங்கள் கட்டிலுக்கும் நடுவில் ஒரு தகரம்தான்.
ஃபோர்மேனிடம் கேட்டோம்.
காதில் பஞ்சு வைத்துக்கொள் என்றார்.

நான் எலக்ட்ரீஷியன்.
ஆரஞ்சு வயர். ஒரே வெட்டு.
டிரைவர் குல் ஜமான் பார்த்துக்கொண்டுதான் நின்றான்.
நாளெல்லாம் அதைக் கேட்கிறவன்,
எனக்கு ஒரு டீ வாங்கிக் கொடுத்தான்.

பதினோரு பகல் நன்றாகத் தூங்கினோம்.
பன்னிரண்டாம் நாள் ஷிப்ட் மாறியது.
வயர் யாருக்கும் ஞாபகமில்லை.

மூன்றரைக்கு விசில்.
எழுந்து தண்ணீர் டிரம்முக்குப் போனோம், ஆறு பேர்.
நிழல் பின்னால் நகர்ந்தது.
இன்ஜின் சத்தம் இருந்தது, இல்லாமல் என்ன.
அதற்கு யார் எழுவார்கள்,
அதைக் கேட்டுக்கொண்டுதானே தூங்குகிறோம்.

ரிப்போர்ட்டில் கட்டங்கள்.
ஹெல்மெட்? ஆம். ஷூ? ஆம். மின்னும் சட்டை? ஆம்.
நிழலுக்குக் கட்டம் இல்லை.

குல் ஜமானைக் கூட்டிப் போனார்கள்.
பஷ்தூவில் ஏதோ சொல்லிச் சொல்லி அழுதான்.
அதில் வயர் என்று வருகிறதா என
காதைத் தீட்டிக்கொண்டு நின்றேன்.
வரவில்லை.

ஆஸ்பத்திரியில் வேதமுத்துவின் போர்வை
இடது முழங்காலுக்குக் கீழே தட்டையாகிவிடுகிறது.
தலைமாட்டில் ஒரு மெஷின்,
பீப் பீப்.
"ராத்திரி பூரா இதே ரோதனை, கண்ண மூட முடியல.
நீ எலக்ட்ரீஷியன்தானடே,
இதுக்கு ஒரு வழி பண்ணேன்"
என்று சிரிக்கிறான்.

ஆப்பிள் நறுக்கக் கத்தி கேட்டு
நர்ஸைத் தேடிப் போனேன்.
சட்டைப் பையில் பிளேயர்
நெஞ்சில் இடித்துக்கொண்டே வந்தது.
திரும்பி வர நேரமாயிற்று.