ஐந்து மில்லி

காரைக்குடி செக்காலை ரோட்டில்
மருந்துக்கடை சொர்ணலிங்கம் கேட்டார்:
"பாட்டிலா, கேப்சூலா?
டாக்டர் எது கேட்டாலும் சரின்னுட்டாரே."

ரெண்டு வருசம் பாட்டில்தான்.
மூடியின் ஐந்து மில்லிக் கோட்டை
டியூப்லைட்டுக்கு நேரே பிடித்துக்
கண் சுருக்கிப் பார்ப்பேன்.
பாதியை விழுங்கிவிட்டு
மீதியைத் தலையணையில் துப்புவாள் உமையாள்.
அலமாரியில் பாட்டிலைச் சுற்றி எறும்பு.
"இதுகளுக்கு இனிமே வலிப்பே வராதுப்பா"
என்று சிரிப்பாள்.

வலிப்பு வந்த இரவுகளில்
அவளை ஒருக்களித்துப் படுக்கவைத்து
நிமிசத்தை எண்ணும்போதே
இன்னொரு கணக்கும் ஓடும்:
தலையணையில் எத்தனை சொட்டு,
மூடியடியில் ஒட்டியது எத்தனை,
நன்றாகக் குலுக்கினேனா,
தேவகோட்டை பஸ்ஸில் சிந்தியது எவ்வளவு.

கேப்சூல் என்றேன்.
பாதி வெள்ளை, பாதி நீலம்.
முதல் நாள் தொண்டையில் நிற்கிறதென்று அழுதாள்.
மறுநாள் கும்மாயத்துக்குள் ஒளித்து ஊட்டினேன்.
கும்மாயம் உள்ளே போனது,
கேப்சூல் மட்டும் என் உள்ளங்கைக்குத் திரும்பி வந்தது.
பத்தாம் நாள் ஒரே மடக்குத் தண்ணீர்.
நாக்கைத் தூக்கிக் காட்டினாள்.
முழுசாய்ப் போயிருந்தது.
எறும்புகள் ரெண்டு நாள் வந்து பார்த்துவிட்டு
வேறு வீடு தேடிப் போயின.

நேற்றிரவு மறுபடி வந்தது.
ஒன்றரை நிமிசம்.
கழிக்க ஒரு சொட்டும் இல்லாமல்
யாரைத் திட்டுவதென்று தெரியாமல்
ஃபேனைப் பார்த்துக்கொண்டு கிடந்தேன்.

விடியும்போது
கண் திறக்காமலே கேட்டாள்:
"தலையணை நனைஞ்சிருக்காப்பா?"
இல்லையே என்றேன்.

"அப்ப நான் துப்பலை."