எண்ணக் கூடாத பச்சை

ராத்திரி இரண்டே கால். தண்டையார்பேட்டை யார்டு.
பழைய லாக் ஃபைல்களை அழிக்க
நீளமாய் ஒரு கட்டளை.
ஓரத்துக்குப் பத்தெழுத்து முன்னாலேயே
கீழே இறங்காமல்
தன் தலைமேலேயே ஏறி எழுதுகிறது வரி.

பேக்ஸ்பேஸ் தட்டினால்
நான் அடிக்காததெல்லாம் போகிறது,
அடித்தது நிற்கிறது.
என்டர் மேல் சுண்டுவிரல்.
அழியப்போவது எது?
திரைக்குத் தெரியாது. எனக்கும்.

வெளியே ஜீரோ கேட் வரை டிரெய்லர்கள்.
"இன்னா மேடம், சிஸ்டம் தூங்குதா?"
கம்பிக்குள் முகம் வைத்துக் கேட்கிறார் ஜெபமாலை.

ஹோம் கீ. வரியின் முதலில் ஒரு ஹாஷ். என்டர்.
ஷெல் படித்தது, ஒன்றும் செய்யவில்லை.

அப்புறம்தான் உறைத்தது.
பகல் ஷிஃப்ட் லூர்துராஜ் போன வாரம்
ப்ராம்ப்டுக்குப் பச்சை பூசினான்.
பச்சை என்று சொல்லும் குறிகள்
திரையில் இடம் பிடிக்காதவை.
ஷெல்லோ அவற்றையும் எழுத்தென்று எண்ணி
வரி முடிந்ததாய் நம்பிவிடுகிறது.

முன்னும் பின்னும்
ஒரு சாய்கோடு, ஒரு சதுர அடைப்பு:
இதை எண்ணாதே.
பச்சை இருந்துவிட்டுப் போகட்டும்.

மேல் அம்பு.
என் கட்டளை மடங்கி, இரண்டு வரியாய், முழுசாய்.
படித்தேன்.
நட்சத்திரக் குறிக்கு முன்னால்
ஓர் இடைவெளி, நான் போட்டதுதான்,
யார்டையே துடைத்துப்போட அது போதும்.

"ரெண்டு நிமிஷம்ணே" என்றேன்,
கை நடுக்கம் கவுண்டருக்குக் கீழே.