எண்பது விழுக்காடு

மூன்றாம் மாடியில், குளிரூட்டி சொட்டும் மூலையில் என் மேசை.
இளங்கலைக் கல்விப் பிரிவு, துணைப் பதிவாளர்.
பெயர்ப்பலகையில் 'துணை' மட்டும் கொஞ்சம் சாய்ந்திருக்கும்.
கூட்டித் துடைக்க வரும் செல்லம்மா
"என்ன, பெரட்டு முடிஞ்சதா?" என்பாள்.
தோட்டத்தில் விடியுமுன் ஆள் எண்ணுகிற சொல்.
அதைவிடச் சரியான பெயரை
என் வேலைக்கு யாரும் வைத்ததில்லை.

ஆறாம் வாரம் கணினி பட்டியல் துப்பும்.
வருகை எண்பது விழுக்காட்டுக்குக் கீழே முப்பத்தொரு பேர்.
விளக்கம் கேட்டுக் கடிதம், மூன்று நாள் கெடு,
தவறினால் தேர்வு இல்லை.
கடிதத்தின் மலாய் மிக மரியாதையானது,
கதவை ஓசைப்படாமல் சாத்துவது போல.

பதினேழாவது பெயர்
லிங்கேஸ்வரன் த/பெ ஆறுமுகம், கணக்கியல், முதலாண்டு,
புக்கிட் லாடா தோட்டம்.
காரணம் எழுதும் கட்டத்தில் ஒரே சொல்:
பஸ்.

அக்கறையின்மை என்று பக்கத்தில் எழுதியிருந்தார்
விரிவுரையாளர் சியா.
நானும் கையெழுத்துப் போட்டிருப்பேன்.
பேனாவில் மை வரவில்லை, அவ்வளவுதான்.
கருணை என்று யாரும் பின்னால் சொல்ல வேண்டாம்.

மதியம் பேனா வாங்க பகாவ் டவுனுக்குப் போனேன்.
பஸ் நிலையத்தில், பாதி உரிந்த பலகையில்,
புக்கிட் லாடா வழி முதல் வண்டி: ஏழு ஐம்பது.
எங்களிடம் வந்து சேர எட்டு நாற்பது.
எங்களிடம் என்றால் வாசலுக்கு அல்ல.
'நாளைய தலைமுறையின் நுழைவாயில்' என்று எழுதிய வளைவுக்கு
ஒன்றரை கிலோமீட்டர் முன்பே,
செம்பனை லாரிகள் திரும்புகிற முக்கில் இறக்கிவிடும்.
கணக்கியல் வகுப்பு எட்டு மணிக்கு.

நேரம் மாற்ற ஒரு பாரம் உண்டு. ஏழு கையெழுத்து.
"ஒருத்தனுக்காகவா?" என்றார் புவான் நோர்ஹயாத்தி.
பட்டியலை நீட்டினேன்.
அதே வண்டி, அதே வகுப்பு, பதினொரு பேர்.
அதில் எட்டுப் பேர் காரணமே எழுதவில்லை,
கட்டத்தைக் காலியாக விட்டிருந்தார்கள்.
காலிக் கட்டத்துக்கு எங்கள் விதியில் பொருள் உண்டு:
குற்றத்தை ஒப்புக்கொண்டதாக.
அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.
பிறகு போட்டார், முதல் கையெழுத்து.

ஐந்தாவதில் பாரம் தொலைந்தது.
அறை ஒதுக்கீட்டில் ஒரு வாரம் தூங்கியது.
டீன் விடுப்பு.
ஒன்பதாம் வாரம் திரும்பி வந்தது:
வகுப்பு இனி ஒன்பது மணிக்கு.
இருபது நிமிடம் நடைக்காக நான் சேர்த்தது.
நடைக்குப் பாரத்தில் கட்டம் இல்லை,
'இதர' என்று குறித்திருந்தேன்.

அந்தத் திங்கள் சீக்கிரமே போய் நின்றேன், சும்மாதான்.
ஏழே முக்காலுக்கு வராந்தாவில் ஒருவன்
மோட்டார் சைக்கிள் சாவியை விரலில் சுழற்றிக்கொண்டு.
லிங்கேஸ்வரன்.
கடிதம் வந்த வாரமே,
கல்விக் கடனின் முதல் தவணையில்
பழைய வண்டி ஒன்றை வாங்கிவிட்டானாம்.
"ஏன் மிஸ் நேரத்த மாத்தினீங்க?
பத்தரைக்கு எனக்கு பெட்ரோல் ஸ்டேஷன்ல வேலை.
இப்ப இடிக்குது."

எந்தக் கட்டத்திலும் அடங்காமல்
நின்றுகொண்டிருந்தேன்.

எட்டு ஐம்பத்தைந்துக்கு வளைவு வழியே வந்தார்கள்,
செருப்பில் செம்மண், ஒரே குடைக்குள் மூன்று பேர்.
எண்ணினேன். பத்து.
யாரும் என்னைப் பார்க்கவில்லை,
நான் யாரென்று அவர்களுக்கு எதற்கு?
கடைசியில் வந்தவள் ரொட்டியைக் கடித்தபடி,
ஓடாமல்,
மரத்தில் எதையோ அண்ணாந்து பார்த்து நின்று
பிறகு வந்தாள்.

மேலே போய் இன்னொரு பாரம் எடுத்தேன்.
பகுதிநேர வேலைக்கும் அதில் கட்டம் இல்லை.

"பெரட்டு முடிஞ்சதா?"
"ஒருத்தன் பாக்கி" என்றேன்.
செல்லம்மா வாளியைத் தூக்கிக்கொண்டு
அடுத்த அறைக்குப் போய்விட்டாள்.