பதினோரு ரூபாய் ரசீது

பேச்சிப்பாறை அணையில் தண்ணீர் வற்றியிருந்த மாசியில்
படகுக்காரர் இரண்டு இடத்தில் இறங்கித் தள்ளினார்.
கோப்பை மடியில் அணைத்து உட்கார்ந்திருந்தேன்.
நனைந்தால் நகல் உண்டு. ஆனாலும்.

அக்கரையில் கூவைக்காட்டுமலை:
முப்பத்தொரு வீடு, எரியாத ஒரு சோலார் விளக்கு,
பன்றி கிளறிப் போட்ட மரச்சீனி விளை.

வனத்துறையின் மறுப்புரை ஆறு பக்கம்.
நான்காம் பக்கத்தில்,
'மேற்படி நபர்கள் 2005-க்கு முன் அவ்விடத்தில் குடியிருந்ததற்கு
யாதொரு ஆவணமும் இல்லை.'
யாதொரு.
அந்தச் சொல்லை வாய்க்குள் போட்டு உருட்டிக்கொண்டே
தக்கலையிலிருந்து இரண்டு பஸ் மாறி வந்திருக்கிறேன்.

படிவத்தில் பெயர்க் கட்டத்தில் காணி.
நிலக் கட்டத்தில் இல்லை.
காணி என்றாலே நிலம்தான்,
வழிவழியாய் வந்த உரிமை நிலம்.
அகராதியைச் சாட்சிக் கூண்டில் ஏற்றச்
சட்டப்பிரிவு ஏதும் எனக்குத் தெரியவில்லை.

என்னைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும்.
சட்டக் கல்லூரியில் நான் கட்டிய பணத்தில்
ரப்பர் ஷீட்டின் புகைவாடை இருந்தது.
மலை இறங்கி வந்து முடிகிற இடத்தில்
அப்பாவுக்கு இரண்டு ஏக்கர்.
அதற்கு முன் யாருடையது என்று பத்திரம் சொல்லவில்லை,
நாங்களும் கேட்கவில்லை.
வில்லங்கச் சான்றில்
யாதொரு வில்லங்கமும் இல்லை.

ஓமனா, வன உரிமைக் குழுவின் செயலாளர்.
மனுவைப் படகுத்துறைப் பாறையில் விரித்து
விரலால் வரிவரியாய் வாசித்தாள்.
'பணிந்து வேண்டுகிறோம்' வந்ததும் விரல் நின்றது.
"இது ஆரு எழுதினது?"
"வழக்கமா எழுதுறதுதான்."
"கிராமசபை கூடி நாங்க முடிவு செய்தாச்சு.
தாருங்கன்னு கேக்கல்ல.
உள்ளதை உள்ளதுன்னு எழுதினா மதி."
என் பேனாவை வாங்கி
'வழங்கும்படி'யை வெட்டி
'அங்கீகரிக்கும்படி' என்று எழுதினாள்.
பதினாறு வருட வக்கீல் நான்.
சட்டத்தில் அந்தச் சொல்
அப்படியேதான் இருந்தது.

பிறகு அரிசி டப்பாவின் அடியிலிருந்து ஒரு பால் கவர்.
உள்ளே மடிப்பில் ஓட்டை விழுந்த காகிதம்,
வனச்சரக முத்திரை, 1974.
'காப்புக்காட்டில் அத்துமீறி மரச்சீனி நட்டமைக்கு
ஈச்சன் காணி, கூவைக்காட்டுமலை.
அபராதம் ரூபாய் பதினொன்று.'
அவளுடைய அப்பன்
குந்திரிக்கம் விற்றுக் கட்டிய பணம்.
பேரும் ஊரும் பயிரும் வருடமும்
அவர்களே எழுதி, அவர்களே ஒப்பமிட்டு.
பாறையிலிருந்து எழுந்து நின்றுவிட்டேன்.

பத்மநாபபுரத்தில் விசாரணை.
வன அதிகாரி ரசீதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்,
பின்பக்கத்தில் வேறு எதுவோ இருக்கும் என்பதுபோல.
"இது குற்றத்துக்குப் போட்ட ரசீது."
"ஆமா சாறே," என்றாள் ஓமனா,
"குற்றம் செய்யவும் ஆளு அங்க வேணும்லா?"
எழுத்தர் சிரித்து, அதை இருமலாக்கினார்.

அசலைக் கேட்டார்கள். கொடுக்கவில்லை.
"பாத்து எழுதிக்கிடுங்க. இது மலைக்குப் போவும்."
அடுத்த வாய்தா பின்னர் தெரிவிக்கப்படும்.

திரும்பும் பஸ்ஸில் சித்திரை மழை சாய்ந்து அடித்தது.
ஷட்டரை இருவருமாக இறக்கினோம்.
"ஒண்ணு கேக்கட்டா?
எங்க நெலந்தான்னு எழுதியாச்சுன்னா
அந்தப் பதினோரு ரூவா?"
சிரிப்பாள் என்று முகத்தைப் பார்த்தேன்.
சிரிக்கவில்லை.

டிக்கெட்டின் பின்புறம்
ஆறு சதவீதம் வைத்துக் கணக்குப் போட்டேன்.
தனி வட்டியா, கூட்டு வட்டியா என்பது மட்டும்
குலசேகரம் வரும்வரை முடிவாகவில்லை.