செவ்வாய், பகல் ஒரு மணி

ஆக்லாந்திலிருந்து சாந்தியாகோவுக்கு
ஒன்பதாயிரத்து அறுநூற்றுச் சொச்சம் கிலோமீட்டர்.
பதினோரு மணி நேரம். முதுகுக்காற்று வாய்த்தால்
கொஞ்சம் குறையும்.
இருக்கைத் திரையில் பொம்மை விமானம்
நீலத்தின் மேல் நகராமல் நகர்கிறது.
பெயர் எழுத ஒரு தீவுகூட இல்லை கீழே.

செவ்வாய் மாலை ஆறுக்குக் கிளம்பினோம்.
இறங்குவது அதே செவ்வாய், பகல் ஒன்றுக்கு.
பக்கத்து இருக்கைக்காரர், சால்மன் பண்ணை மெக்கானிக்,
காகிதக் கைக்குட்டையில் கணக்குப் போட்டுக் காட்டினார்:
தேதிக்கோடு, பதினாறு மணி வித்தியாசம்.
எனக்கு விளங்கியது இவ்வளவுதான்.
செவ்வாய் மூன்று மணிக்கு
செக்-இன் வரிசையில் நின்றபடி,
அப்பாவின் மஞ்சள் லாரியை விற்றுவிட்ட அக்காவை
போனில் திருடி என்றேனே,
நான் இறங்கும்போது
அந்த மூன்று மணி இன்னும் வந்திருக்காது.

கடிகாரத்தைத் திருப்பி வைத்தேன்.

வரமாட்டாள் என்றிருந்தேன்.
கம்பித் தடுப்புக்குப் பின்னால் நின்றிருந்தாள் ஹசிந்தா,
கோட்டுக்குக் கீழே பைஜாமா தெரிய.
“மணியைப் பார், நான் இன்னும்
எதுவுமே சொல்லவில்லை” என்றேன்,
சிரிப்பாள் என்று.

“நீ சொன்னபோது இங்கே
திங்கள் ராத்திரி பதினொன்று.
உனக்கு அது இனிமேல்தான். எனக்கு நேற்று.
விடிய விடிய அதோடு படுத்துக் கிடந்தேன்.”

பெட்டியை என் கையிலிருந்து
வாங்கிக்கொண்டாள், பிடுங்கவில்லை.
கார் நிறுத்துமிடம் நானூறு அடி இருக்கும்.
நடந்தோம், நடந்துகொண்டே இருந்தோம்.