ஒட்டுப்பால்

நாற்பத்திரண்டு சிரட்டை.
றோஸ்பாய் அக்கா எண்ணிச் சொல்லவில்லை,
நான்தான் மரம் மரமாய்ப் போய் எண்ணினேன்.
பொன்மனை மேட்டில் சனிக்கிழமை காலை
வெட்டிய பாலெல்லாம் வேரடியில்
உறையத் தொடங்கியிருந்தது.
"ஏம்ல?" என்றதற்கு
"எங்க வர ஓடுதுன்னு பாத்தேன்" என்றான் டெஜின்.
ஆறு வயது. முழங்கால்வரை பால்.

பிடரியைப் பிடித்து நிறுத்தினேன்.
சாரி சொல்லு.
"சாரி."
பேர் வாசிக்கையில் "பிரசெண்ட் டீச்சர்" என்பானே,
அதே குரல்.
மாமி முகத்தப் பாத்துச் சொல்லு.
"சாரி மாமி."
"செரி மக்களே, போ" என்றாள் றோஸ்பாய்
காலி வாளியைக் கை மாற்றிக்கொண்டு.
குத்தகைக்கு எடுத்த மரங்கள்.
மூன்று மணிக்கு எழுந்தவள்.
தலைவிளக்கின் பட்டி பதிந்த தடம்
இன்னும் அவள் நெற்றியில் இருந்தது.

ராத்திரி பாயில் கிடந்தபடி கணக்குச் சொன்னேன்.
இத்தனை சிரட்டைக்கு ஒரு ஷீட்,
ஒரு ஷீட்டுக்கு இத்தனை ரூபாய்,
அந்த ரூபாய்க்கு இத்தனை அரிசி.
அரிசிவரை கூடவே வந்தான்.
அப்புறம் கேட்டான்:
"அம்மா, நீ யாருட்டயாவது சாரி சொல்லிருக்கியா?"

போன வாரம் ஐம்பது ரூபாயைக் காணவில்லை என்று
இவன் தொடையில் நாலு விரலும் பதிய அடித்தேன்.
நோட்டு ரேஷன் கார்டுக்குள் இருந்தது.
அன்று சாயங்காலம் குலசேகரத்திலிருந்து
ஏத்தம்பழ பஜ்ஜி இரண்டு வாங்கி வந்தேன்.
எதற்கென்று அவன் கேட்கவில்லை.
நானும் சொல்லவில்லை.

இருட்டில் சொல்லிப் பார்த்தேன்.
"அந்த அம்பது ரூவா, நீ எடுக்கல. நான் அடிச்சிட்டேன்.
ஆனா அதுக்கு முந்தி ஒரு தடவ நீயும்..."
அந்த "ஆனா"வில்
சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துவிட்டான்.
முதலிலிருந்து ஆரம்பித்தேன்.
"நீ எடுக்கல. நான் கேக்காம அடிச்சேன்.
உனக்கு வலிச்சிருக்கும்."
அதற்கு மேலும் ஏதோ சொல்ல நாக்கு துள்ளியது,
அதன் பிடரியையும் பிடித்து நிறுத்தினேன்.
வெகுநேரம் கழித்து
"பஜ்ஜில உப்பு கூடுதல்" என்றான்.
மன்னித்தானா, குறை சொன்னானா, தெரியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை கோயிலில்
எல்லோரும் நெஞ்சில் அடித்துக்கொண்டபோது
என்னை ஓரக்கண்ணால் பார்த்தான்.

திங்கள்கிழமை, விடியாத நேரம்,
அவன்தான் என்னை எழுப்பினான்.
கையில் பந்து.
யார் யார் மரத்திலோ உரித்த ஒட்டுப்பாலைச்
சுற்றிச் சுற்றி
ஒரு வருஷமாய் வளர்த்த பந்து.
தரையில் அடித்தால் ஓட்டுக்கூரை தாண்டும்.

றோஸ்பாய் மரத்தடியில் குனிந்திருந்தாள்.
கத்தி நிற்கவில்லை.
"மாமி, நாப்பத்திரெண்டு. அம்மா எண்ணுனா.
தட்டி விட்டது நான்.
பால் ஓடும்போ பாக்க நல்லா இருந்து.
மாமிக்கு அரிசி கொறயும்னு நெனைக்கல."
பந்தை நீட்டினான்.

வேண்டாம் மக்களே, நீயே வச்சுக்க
என்பாள் என்றிருந்தேன்.
அவள் வாங்கிக் கையில் எடை பார்த்தாள்.
"கால் கிலோ வரும்."
ஒட்டுப்பால் சாக்குக்குள் போட்டாள்.
அவன் உதடு கோணியது. அழவில்லை.
"கீழ வரிசைல சிரட்ட கமந்து கெடக்கு,
நிமித்தி வை.
உள்ள எறும்பு இருக்கும், பாத்து."

போனான்.
அவள் நெற்றி வெளிச்சம் திரும்பும்போதெல்லாம் தெரிந்தான்.
மற்ற நேரம்
சருகு மிதிபடும் சத்தம்,
சிரட்டை கம்பியில் உரசும் சத்தம்.

பள்ளிக்கூடத்துக்குக் குளிப்பாட்டினேன்.
இரண்டு தடவை சோப்புப் போட்டும்
விரலிடுக்கில் அந்த நாற்றம் போகவில்லை.
"டீச்சர் கேட்டா என்னம்மா சொல்லணும்?" என்றான்.
தலையைத் துவட்டிவிட்டேன்.
சொல்லிக் கொடுக்கவில்லை.