வண்ணம் பூசிய கன்னக்கோல்

அந்தக் காலத்துத் திருடன்
சுவரின் ஈரம் பார்த்து, நாயின் உறக்கம் பார்த்து
ஒரு கன்னம் வைக்க
ஓர் அமாவாசை முழுவதையும் செலவழித்தான்.

மார்யுனுக்கு நான்கு சொடுக்கு.

கடலுக்கடியில் துளைத்த சுரங்கத்தில்
ஆறு கிலோமீட்டர் ஓட்டி கிளாக்ஸ்விக் வந்தாள்.
பையில், மீன் ஆலை கையெழுத்திட்ட கடிதம்:
எங்கள் வீட்டில் நீ புகலாம், வெள்ளிக்கிழமை வரை.

முன்பெல்லாம் கறுப்புத் திரை.
ஒரு புள்ளி பிசகினாலும்
முகத்தைத் திருப்பிக்கொள்ளும்.
இரவெல்லாம் தட்டித் தட்டி
விடியும்போது கதவு ஒரு நூல் விலகும்.
என்ன செய்கிறோம் என்று
விரல்நுனிக்குத் தெரிந்திருந்தது.

இப்போது படம்.
ஆலை மொத்தமும் குட்டிப் பெட்டிகளாக விரிகிறது,
ஐம்பத்திரண்டு கணினிகள், இடையே கோடுகள்,
உறைபனி அறைக்குக்கூட ஒரு பொம்மை.
சொடுக்கினால் பட்டியல் நீட்டுகிறது
உணவகப் பணியாளின் பணிவோடு:
எந்தத் தாக்குதல் வேண்டும்?

பதினான்காம் பெட்டி சிவந்தது.
சுற்றிலும் மின்னல் வரைந்து காட்டியது மென்பொருள்,
பிறந்தநாள் கேக்கைத் தூக்கி வருவதுபோல.
கடவுச்சொல்: ஆலை தொடங்கிய ஆண்டு.

"திரையைப் பார்" என்றொரு பொத்தான்.
அழுத்தினாள்.
பெட்டிக்குள் ஆள் இருந்தார்.

இரவுப்பணி. பெயர் ஹால்கிர்.
பழைய படகு எஞ்சினுக்கு விளம்பரம் எழுதுகிறார்.
பன்னிரண்டாயிரம் குரோனா.
அழிக்கிறார். ஒன்பதாயிரம்.
அழிக்கிறார்.
வெற்றிடத்தில் அந்தச் சின்னக் கோடு
துடித்துக்கொண்டே இருக்கிறது, வெகுநேரம்.
மறுபடி பன்னிரண்டு.

மூடினாள்.

அறிக்கை: பதினான்கு, பேராபத்து,
கடவுச்சொல்லை உடனே மாற்றுக.
எஞ்சின் பற்றி ஒரு வரியும் இல்லை.

மேலாளர் துரோந்துர் காபியை நீட்டிக் கேட்டார்,
"ரொம்பச் சிரமமோ?"
"இல்லை" என்றாள்.
அந்த ஒரு சொல்லைத்தான் அவர்
சிவப்பில் அடிக்கோடிட்டிருக்க வேண்டும்.
கெட்டிக்காரி என்று சிரித்துவிட்டு
பிஸ்கட் தட்டைத் தள்ளினார்.

திரும்பும் வழியில், பாதிச் சுரங்கத்தில்,
தம்பி அழைத்தான்.
கிளாக்ஸ்விக்கில் ஒரு எஞ்சின் வருகிறதாம்,
பன்னிரண்டாயிரம் சொல்கிறாராம்.
"நீ அங்கேதானே இருந்தாய், அக்கா,
அந்த ஊர்க்காரர் குறைப்பாரா?"

தலைக்கு மேல் கடல் முழுவதும்.
ஒன்பது என்பது நாக்கு நுனிவரை வந்தது.

"எனக்கெப்படித் தெரியும்" என்றாள்.